கல்லீரல் நோயாளிக்கு வலி வந்தால்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. கல்லீரல் சுருக்க நோய் இருப்பதாகக் கண்டறிந்து, வயிற்றில் கோத்த நீர் வடிவதற்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். முழங்கால் தேய்மானத்தால் இரவில் உறங்க முடியாத அளவுக்கு வலி இருக்கிறது. பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுத்துவிடும் என்று உறவினர்கள் சொன்னதால் அதைத் தொடுவதே இல்லை. வலி மிகும் நாள்களில் மட்டும் மருந்துக்கடையில் கேட்டு ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்கிறார். இது சரிதானா?
— வாசகி, தென்காசி

பதில்: சரியில்லை. தங்கள் தந்தை எதற்கு அஞ்ச வேண்டுமோ அதற்கு அஞ்சாமல், அளவோடு பயன்படுத்தக்கூடிய ஒன்றுக்கு அஞ்சிக்கொண்டிருக்கிறார். கல்லீரல் நோய் உள்ள பல வீடுகளில் இதே தலைகீழ் நிலையைக் காண்கிறேன்.

மூட்டு வலிக்கென்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நிமிசுலைடு போன்ற அழற்சி எதிர்ப்பு மருந்துகளே. கல்லீரல் சுருங்கியவர்களுக்கு இவற்றால் நேரும் முதல் ஆபத்து கல்லீரலுக்கு அன்று, சிறுநீரகத்துக்கு. கல்லீரல் இறுகும்போது குடலைச் சுற்றியுள்ள இரத்த நாளங்கள் விரிந்து, இரத்தம் அங்கேயே தேங்குவதால், சிறுநீரகங்களுக்குப் போதிய இரத்தம் கிடைப்பதில்லை. அந்த நெருக்கடியில் சிறுநீரக நாளங்களைத் திறந்துவைத்துக் காப்பாற்றுவது உடலிலேயே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்தான். வலி மாத்திரை அழற்சியைக் குறைப்பது இதே பொருள் சுரப்பதைத் தடுத்துத்தான் என்பதால், முழங்கால் வலி தணியும் அதே வேளையில் சிறுநீரகத்தின் பிடிமானமும் போய்விடுகிறது. சிறுநீர் குறைகிறது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்னும் கழிவு இரத்தத்தில் ஏறுகிறது, நீர் வடிவதற்கான மாத்திரையும் வேலை செய்யாமல் வயிறு மீண்டும் உப்புகிறது.

இரண்டாவது ஆபத்து இரத்தக் கசிவு. இந்நோயாளிகளுக்கு இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும். உணவுக்குழாயில் நாளங்கள் புடைத்திருக்கவும் கூடும். தட்டணுக்களின் வேலையையும் இரைப்பையின் உட்படலத்தையும் ஒருசேரக் கெடுக்கும் மருந்து அங்கே வேண்டாத விருந்தாளி. ஊசியாகப் போட்டால் வயிற்றைப் பாதிக்காது என்ற எண்ணமும் தவறு; எந்த வழியாகச் சென்றாலும் அது இரத்தத்தில் கலந்து இதே வேலையைத்தான் செய்கிறது. வயிற்றுக்கு இதமானவை என்று சொல்லப்படும் செலகாக்ஸிப், எடோரிகாக்ஸிப் ஆகியவற்றையும் தங்கள் தந்தை தவிர்க்க வேண்டும். எப்போதாவது ஒன்று என்பதாலும் இது பாதுகாப்பாகிவிடாது.

இனி பாராசிட்டமால். இம்மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாத வடிவுக்கு மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுப் பொருளாக மாறுகிறது. அதையும் குளூட்டத்தயோன் என்னும் காப்புப் பொருள் முறித்துவிடுகிறது. ஒரேயடியாக அளவு மிகுந்தாலோ, பட்டினியாலும் மதுவாலும் அந்தக் காப்புப் பொருள் குறைந்திருந்தாலோதான் கல்லீரல் செல்கள் மடிகின்றன. உறவினர்களின் அச்சத்துக்கு அடிப்படை இதுதான். அச்சம் பொய்யன்று, அளவைப் பற்றிய தெளிவுதான் இல்லை. நல்ல உடல்நலம் உள்ள பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம். கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்கு 2 கிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்பதே பொதுவான வழிகாட்டல். அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் 6 மணி நேர இடைவெளியில் நான்கு, 650 என்றால் 8 மணி நேர இடைவெளியில் மூன்று, அதற்கு மேல் கூடாது. இன்னமும் மது அருந்துபவர்கள், உணவு செல்லாமல் மெலிந்திருப்பவர்கள், மஞ்சள் காமாலை கூடிவருபவர்கள் ஆகியோருக்கு இந்த அளவும் மிகையாகலாம். எனவே தங்கள் தந்தையின் அளவையும், எத்தனை நாள் தொடரலாம் என்பதையும் அவரைப் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

அட்டையின் பின்புறத்தைப் படிக்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. அசிக்ளோஃபெனாக்குடன் பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரைகளும், ஐபுப்ரோஃபெனுடன் சேர்ந்தவையும் நம் கடைகளில் வெகு சாதாரணம். ‘பாராசிட்டமால்தானே’ என்று அவற்றை வாங்கினால் தவிர்க்க வேண்டிய மருந்து உடன் வந்துவிடும். சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருப்பதால் அதையும் அன்றைய கணக்கில் சேர்க்க வேண்டும்.

முழங்காலுக்கு மாத்திரை மட்டுமே வழியன்று. தொடையின் முன்பக்கத் தசையை வலுவாக்கும் பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொண்டு நாள்தோறும் செய்வதும், கைத்தடி பிடித்து நடப்பதும், வெந்நீர் ஒத்தடமும் கணிசமான பலன் தருபவை. மேற்பூச்சு மருந்து உடலுக்குள் செல்வது குறைவே என்றாலும், வயிற்றில் நீர் கோத்தவர் டைக்ளோஃபெனாக் களிம்பைக் கேட்காமல் பூச வேண்டாம்.

இவ்வளவுக்கும் அடங்காத வலி என்றால் டிரமடால் போன்ற மருந்தைக் குறைந்த அளவில், நீண்ட இடைவெளியில் மருத்துவர் தரக்கூடும். இவ்வகை மருந்துகள் மலச்சிக்கலை உண்டாக்கும். மலம் தேங்கினால் நச்சுகள் மூளையைக் குழப்பும். ஆகவே லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கி உடன் வேண்டும், தூக்க மாத்திரை கூடவே கூடாது. பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பது, பேச்சு தடுமாறுவது, நீட்டிய கை படபடப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எனக்கும் கல்லீரல் சுருக்கம்தான். இரவில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு உயிர் போகிறது. எந்த வலி மாத்திரை பாதுகாப்பானது?
— வாசகர், ஈரோடு

பதில்: தசைப் பிடிப்பு இந்நோயில் மிகப் பரவலானது, அதற்கு வலி மாத்திரை பயன்படாது. சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் அளவுகளைப் பரிசோதித்து, நீர் வடியும் மாத்திரையின் அளவு கூடிவிட்டதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாத்திரையைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். படுக்கும் முன் கெண்டைக்காலை நீட்டி மடக்குவது உதவும். பிடிப்பு வரும்போது வெள்ளரி ஊறுகாயின் காடிநீரை ஒரு வாய் பருகினால் வேகம் தணிவதாக 2022-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கூறியது. இதைப் படித்துவிட்டு நம் வீட்டு மாங்காய் ஊறுகாயைத் தேடிப் போகாதீர்கள். உப்பும் எண்ணெயும் ஊறிய அது வேறு பண்டம், வயிற்றில் நீர் உள்ளவருக்கு உப்பு ஆகாது.

கேள்வி: மூட்டு வலிக்கு ஒருவர் தரும் மூலிகைப் பொடி நன்றாகக் கேட்கிறது. கல்லீரல் நோய் உள்ளவர் தொடரலாமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: பெயரும் சேர்மானமும் அச்சிடாத பொடி இரண்டே நாளில் வலியை மறையச் செய்கிறது என்றால், ஸ்டீராய்டோ ஆங்கில வலி மருந்தோ கலந்திருக்கிறதா என்று ஐயப்படுவதே முறை, அத்தகைய கலப்படங்கள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. மூலிகை மட்டுமே என்றாலும் தீங்கில்லை என்று கொள்ள முடியாது. 2020-இல் கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைத் தொடர்ந்து உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். பொடியை நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள்; ஸ்டீராய்டு கலந்திருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.