முதல் கோடையை மண்டபத்துக்குள் கழிக்காதீர்கள், தங்கச்சி

யாழ்ப்பாணத்தில் பரதம் படித்து மேடையேறிய ஒரு தங்கச்சி, கலியாணம் முடித்துக் கைக்குழந்தையோடு இந்த மார்ச்சில் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவுக்கு வந்திருக்கிறார். ரொறன்ரோவில் கோடை முழுக்கக் கலைவிழாக்கள் நடக்குமாமே, எதற்குப் போகலாம், எவ்வளவு முடியும், என்ன உடுக்கிறது, கரிபானா என்கிற கரிபியன் மக்களின் ஊர்வலத் திருவிழா குடும்பத்தோடு பார்க்கிற விசயமா என்றெல்லாம் கேட்கிறார். ஓகஸ்ட்டில் நடக்கவுள்ள நட்சத்திர இரவு என்கிற ஒரு மேடை நிகழ்ச்சியில் ஆடச் சொல்லி ஒருவர் கேட்கிறாராம். காசு இல்லை, ஆனால் "நல்ல அறிமுகம் கிடைக்கும்" என்கிறாராம். ஒத்துக்கொள்ளலாமா என்பதையும் கடைசியில் ஒரு வரியில் கேட்டிருக்கிறார்.

அந்த ஒரு வரிக்குத்தான் என்னிடம் நிறையப் பதில் இருக்கிறது. ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நான் 1993 இல் வந்தேன். பாடுவேன். இங்கே வந்து இறங்கிய கையோடு ஒரு விழா அமைப்பாளர் வீடு தேடி வந்தார். அப்போதும் இதே சொல்தான், அறிமுகம். ஆறு மணி நிகழ்ச்சிக்கு மூன்று மணிக்கே வரச் சொன்னார். போனால் நாற்காலி அடுக்க ஆளில்லை என்று எங்களைத்தான் அடுக்க விட்டார்கள். விழா தொடங்கும்போது எட்டரை தாண்டிவிட்டது. குத்துவிளக்கின் ஒவ்வொரு திரிக்கும் ஒவ்வொரு பிரமுகர், அதன்பிறகு பொன்னாடை, அதன்பிறகு உரைகள். கடைசியில் நேரம் போதாது என்று இரண்டு பாட்டில் ஒன்றை வெட்டினார்கள். மற்றப் பாட்டைப் பாடும்போது சனம் சாப்பாட்டு வரிசையில் நின்றது. வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவோம் என்றவர் ஆளையே காணவில்லை. பனிரண்டு மணிக்கு மேல் சேலையோடு பஸ்ஸுக்கு நின்றேன். அந்த மேடையால் எனக்கு ஒரு மனிதரும் அறிமுகமாகவில்லை, அடுத்த மாதம் இன்னொரு மண்டபத்தில் நாற்காலி அடுக்கக் கூப்பிட்டவரைத் தவிர.

அந்த மண்டபத்துக்கு வாடகை கொடுத்தார்கள். ஒலி ஒளிக்காரருக்குக் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்காரருக்குக் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து வந்த பாடகருக்கு விமானச் சீட்டு, ஹொட்டேல், சம்பளம் எல்லாம் கொடுத்தார்கள். மேடையின் இரண்டு பக்கமும் வீடு விற்கிற முகவர்களின் படம் தொங்கியது, அதற்கும் யாரோ காசு வாங்கியிருப்பார்கள்தானே. புதிதாய் வந்த பிள்ளைக்கு மட்டும் அறிமுகம். முப்பது வருசம் கழித்தும் இந்தக் கதை மாறவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

ஆகவே அவர் திரும்ப எடுத்தால் நேராகக் கேளுங்கள்: எவ்வளவு தருவீர்கள், ஒப்பனைக்கும் உடுப்புக்கும் யார் செலவு, எனக்கு எத்தனை நிமிடம், எத்தனை மணிக்கு மேடை, வீடியோ யாருடையது. பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். கோபம் வந்தால் வரட்டும். கோயில் திருவிழாவுக்கோ ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நிதி சேர்ப்பதற்கோ ஆடுவது வேறு. அது மனமிருந்தால் செய்கிற காரியம், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ரிக்கற் விற்று நடத்துகிற நிகழ்ச்சியில் இலவசமாக ஆடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

"அறிமுகம்" உண்மையிலேயே வேண்டுமென்றால் இந்த நகரத்தில் அதற்கு வேறு வாசல்கள் இருக்கின்றன. யூலையில் ரொறன்ரோ ஃபிரின்ஜ் என்று ஒரு நாடகவிழா நடக்கும். 1989 இலிருந்து நடக்கிறது. அதில் யார் மேடையேறுவது என்று யாரும் உட்கார்ந்து தெரிவு செய்வதில்லை, விண்ணப்பித்தவர்களுக்குள் குலுக்கல் போடுகிறார்கள். பெரிய பேர் இருக்கத் தேவையில்லை, யாருடைய மருமகளாகவும் இருக்கத் தேவையில்லை. சீட்டு விழுந்தவர் நாடகம் போடலாம், ஆடலாம், தனியாக நின்று கதை சொல்லலாம். நுழைவுச்சீட்டுக் காசில் பெரும்பகுதி கலைஞர்களுக்கே போகும். விழா நடத்துகிறவர்களுக்கு நீங்கள் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும், அதை மறைக்கவில்லை. இந்த வருசம் பார்வையாளராகப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிற நிகழ்ச்சிகள், சின்ன அரங்குகள். சொன்ன நேரத்துக்குத் தொடங்குவார்கள். நான் போன காலத்தில் ஒரு நிமிடம் பிந்தினாலும் உள்ளே விடமாட்டார்கள். எங்கட ஆட்கள் நாலு பேர் வாசலில் நின்று சண்டை பிடித்ததை நான் உள்ளே இருந்து கேட்டிருக்கிறேன். கேட்கச் சந்தோசமாக இருந்தது.

அதோடு ரொறன்ரோ ஆர்ட்ஸ் கவுன்சில் என்கிற மன்றம் புதிதாக வந்த கலைஞர்களுக்கென்றே ஒரு நிதி வைத்திருக்கிறது. இங்கே ஏற்கெனவே வேலை செய்கிற ஒரு கலைஞரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு பழகுவதற்கு அந்தக் காசு. நிபந்தனைகள் மாறிக்கொண்டிருக்கும், அவர்களுடைய தளத்தில் பாருங்கள். உங்கள் பக்கத்திலேயே ஸ்காபரோ ஆர்ட்ஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அங்கேயும் போய்க் கதையுங்கள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வந்தால் பரவாயில்லை. அந்த அலுவலகங்களில் இருக்கிற பாதிப் பேருடைய அம்மாவும் அப்படித்தான் கதைத்திருப்பார்.

இனி, எதற்குப் போகலாம் என்று கேட்டீர்கள். பட்டியலை உங்கள் போனே சொல்லும். எங்கள் காலத்தில் அது இல்லை. தெருமுனைப் பெட்டிகளில் "நவ்" என்ற வார இதழ் இலவசமாகக் கிடக்கும். அதன் பின்பக்கங்களில் அந்த வாரம் எங்கே என்ன நடக்கிறது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். என் புருசனுக்கு இரண்டு வேலை. நான் பதினோராம் மாடியில் பிள்ளையோடு தனிய. யூன் கடைசியில் இரவு ஒன்பது மணிக்குத்தான் சூரியன் இறங்கும், பிள்ளையும் தூங்காது, எனக்கும் பொழுது போகாது. அந்தப் பொடி எழுத்தில் "இலவசம்" என்று இருப்பதற்கெல்லாம் பேனாவால் கோடு போடுவேன். என் ஆங்கிலம் வகுப்பில் வந்ததல்ல, அந்தப் பக்கங்களில் வந்தது.

முதலில் ஹாபர்ஃபிரன்ட். ஏரிக்கரை. கோடை வார இறுதிகளில் ஒவ்வொரு நாட்டுக்காரரும் வந்து வாசித்துவிட்டுப் போவார்கள், இன்றைக்கும் பெரும்பாலும் காசில்லை. ஸ்ரோலரை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றால் பறையின் பிள்ளைகளோ என்று நினைக்கிற மாதிரி மேற்கு ஆபிரிக்க மேளங்கள் கேட்கும். யாரும் என்னிடம் நீங்கள் யாருடைய ஆள், எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்கவில்லை. அந்தச் சுகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்ல! அதுவரைக்கும் நான் போன ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் கேள்வியே அதுதான்.

பிறகு ஹை பார்க். அங்கே 1983 இலிருந்து கோடை இரவுகளில் மரங்களுக்கு நடுவே திறந்தவெளி மேடையில் ஷேக்ஸ்பியர் போடுகிறார்கள். படிப்படியான சரிவில் பாயைப் போட்டு, பிள்ளையை மடியில் கிடத்தி, கொண்டுபோன சோற்றுப் பார்சலைப் பிரித்தேன். வசனத்தில் பாதி விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவிக்கும் விளங்கவில்லை என்று அவவே சொன்னா. ஆனால் கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவளுக்கு ராசா எப்போது ஏமாறுகிறான் என்று கண்டுபிடிக்க வசனம் எதற்கு? கென்னடி நிலையத்தில் சுரங்கரயில் ஏறினால் மாறாமல் ஹை பார்க் நிலையத்தில் இறங்கலாம். கென்னடிக்குப் போவதுதான் இப்போது பாடு. ஸ்காபரோவுக்கென்று இருந்த குட்டி ரயிலையும் 2023 இல் நிறுத்தியாகிவிட்டது, பஸ்தான். டவுன்டவுன்காரருக்கு இப்படி நடந்திருந்தால் விட்டிருப்பார்களா, சரி, அதை விடுவோம்.

இங்கே முப்பது வருசமாக இருந்து, வீடு மூன்று வாங்கி, ஹை பார்க் எந்தப் பக்கம் என்று தெரியாத ஆட்களை எனக்குத் தெரியும். கோடை என்றால் அவர்களுக்குச் சனிக்கிழமை அரங்கேற்றம், ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர் ஒன்றுகூடல், நடுவில் ஒரு பிறந்தநாள் விழா. அண்மையில் சென்னையிலிருந்து வருகிற கணினி வேலைக்காரப் பிள்ளைகள் அதற்கு நேர் எதிர். எல்லா விழாவுக்கும் போவார்கள், படம் எடுப்பார்கள், இரண்டாவது பாட்டுக்கு முன்னே அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். இரண்டு வகையிலும் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள், இரண்டு வகையையும் நான் திருத்த முயன்று விட்டுவிட்டேன்.

அரங்கேற்றத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் நடனக்காரி என்றபடியால் சொல்கிறேன். பெரிய மண்டபம், ஊரிலிருந்து அழைத்த பக்கவாத்தியம், புத்தகம் மாதிரி அழைப்பிதழ், கலியாணம் போலச் செலவு. பிள்ளை பத்து வருசம் படித்து, அன்றைக்கு மிக நன்றாக ஆடும், அடுத்த வாரம் சலங்கையைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டுப் பல்கலைக்கழகம் போய்விடும். விதிவிலக்கான பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்துத்தான் நான் இன்னும் கவரில் காசு வைத்துப் போய்க்கொண்டிருக்கிறேன். வந்த முதல் வருசம் எல்லா அழைப்பையும் ஏற்றால் உங்கள் கவர்க்காசே ஒரு மாத வாடகைக்கு வரும். புருசனுடைய சொந்தக்காரருக்கு இதைச் சொல்வது கஷ்டம், தெரியும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லுங்கள்.

கரிபானாவுக்குப் போங்கள். எங்கட ஆட்கள் பலர் அதைப் பற்றி மூக்கைச் சுளிப்பார்கள், கேட்டால் ஒருநாளும் போயிருக்க மாட்டார்கள். கறுப்பின மக்கள் கூடுகிற இடம் என்றதும் வருகிற பயம் அது, வேறொன்றுமில்லை. அந்தப் பயத்தை நாங்கள் விமானத்தில் ஏறும்போதே பெட்டியில் வைத்துக்கொண்டுதான் வந்தோம். 1967 இல் கனடாவின் நூறாவது ஆண்டுக்கு கரிபியன் மக்கள் இந்த நாட்டுக்குக் கொடுத்த பரிசாகத் தொடங்கியது அது. ஓகஸ்ட் முதலாம் நாளை ஒட்டி வருவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழித்த சட்டம் நடைமுறைக்கு வந்தது 1834 ஓகஸ்ட் 1 இல். இறகும் மினுக்கமுமாக ஆடிக்கொண்டு போகிறவர்களுடைய பூட்டன்மாருக்கு அந்த நாள் என்ன நாள் என்று தெரிந்தால், அரைகுறை உடுப்பு என்று பேசுகிற வாய் கொஞ்சம் அடங்கும். பெரிய ஊர்வலத்துக்கு எக்ஸிபிஷன் பிளேஸ் என்ற கண்காட்சித் திடலுக்குள் ரிக்கற், லேக் ஷோர் வீதி ஓரம் நின்றால் சும்மா பார்க்கலாம். வெயிலும் சத்தமும் கைக்குழந்தைக்குக் கூடாது, அதனால் இந்த வருசம் யூலையில் நடக்கிற சிறுவர் ஊர்வலத்தைப் பாருங்கள். அது எங்கள் பக்கம், மால்வெர்னில்கூட நடந்திருக்கிறது.

எங்கள் தமிழர் தெருவிழாவும் இருக்கிறது. 2015 இலிருந்து ஓகஸ்ட் கடைசியில் ஸ்காபரோவில் மார்க்கம் வீதியை மறித்து நடத்துகிறார்கள். மண்டபத்துக்குள் கிடந்த எங்கள் பறையும் கரகமும் நடுவீதிக்கு வந்து, சீனக் கிழவரும் ஜமேக்காப் பையனும் நின்று பார்த்ததில் எனக்குப் பெருமைதான். நடத்துகிறவர்களைப் பற்றி ஆளுக்கொரு அரசியல் சொல்வார்கள். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் போய்ப் பாருங்கள்.

மற்றக் கேள்விகள் சின்னவை. விருப்பமானதை உடுங்கள், ஏரிக்கரைக்கு மட்டும் யூலையிலும் ஒரு ஸ்வெற்றர் வேண்டும். செலவு அநேகமாகப் பஸ் காசுதான். ஒரு தடவை அட்டையைத் தட்டினால் இரண்டு மணித்தியாலம் மாறி மாறிப் போகலாம், பிள்ளைக்குப் பனிரண்டு வயதுவரை கட்டணம் இல்லை. காரில் போனால் தரிப்பிடத்துக்குக் கொடுக்கிற காசில் இரண்டு ஃபிரின்ஜ் பார்க்கலாம். நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது என்றால் கனூ என்ற செயலியில் பதிந்துவிடுங்கள், புதிதாக வந்தவர்களுக்கு அருங்காட்சியகங்கள் இலவசம். நூலக அட்டை இன்னும் எடுக்கவில்லையென்றால் நாளைக்கே எடுங்கள். அதிலும் குடும்பத்தோடு போக அனுமதிச்சீட்டு தருவார்கள். நாங்கள் அதற்குச் சனிக்கிழமைக் காலையில் வரிசையில் நின்றோம், இப்போது இணையத்திலேயே பதியலாம். ஒன்ராறியோ சயன்ஸ் சென்ரர் என்ற அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போகலாமா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். 1969 இல் திறந்த அந்த டொன் மில்ஸ் கட்டிடத்தை 2024 யூனில் ஒரே நாளில் மூடினார்கள். என் பிள்ளைகள் இரண்டும் வளர்ந்த இடம், அதைத் தொடங்கினால் இந்தப் பதில் இன்னும் இரண்டு மடங்கு நீளும்.