ஆணுடுப்பு, பெண்ணுடுப்பு, நடுவில் இரண்டு அங்குலம்: திருமலை ரெயிலரிடம் கேட்டவை

திருகோணமலையில் 18 வருடமாகத் துணி வெட்டுகிறேன். சாரமும் சேர்ட்டும், இரண்டு காதிலும் தோடுமாக மெஷினில் இருப்பேன். அதனாலோ என்னவோ, "ஆணுக்கும் இல்லாமல் பெண்ணுக்கும் இல்லாமல் நடுவாக ஒரு உடுப்பு" என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறவர்கள் கடைசியில் என்னிடம்தான் வந்து சேருகிறார்கள். கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்றேன், குவிந்துவிட்டது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

உப்புவெளி, 19 வயது: ஏ லெவல் முடித்துவிட்டு நிற்கிறேன். சல்வாரும் எனக்கு ஒத்துவரவில்லை, பிளவுஸும் ஒத்துவரவில்லை. ஆண்கள் சேர்ட் வாங்கிப் போட்டால் அண்ணாவின் சேர்ட்டை இரவல் வாங்கினது போல இருக்கிறது என்று அம்மம்மா சிரிக்கிறா. எங்கே பிழை?

பிழை தோளில். கழுத்திலிருந்து தோள் வழியே விரலை ஓட்டிக்கொண்டு போங்கள், முடிகிற இடத்தில் ஒரு சின்ன எலும்பு முண்டு தட்டுப்படும். கை பொருத்தின தையல் அந்த முண்டில் நின்றால் அது அளவான சேர்ட். அரை, முக்கால் அங்குலம் கீழே இறங்கினால் வேண்டுமென்றே தொளதொளவென்று தைத்தது போல வடிவாக இருக்கும். இரண்டு அங்குலம் இறங்கி, கையும் மணிக்கட்டைத் தாண்டி விரலை மூடினால் அது அண்ணாவின் சேர்ட்தான், அம்மம்மா சொன்னது சரி.

கடையில் வாங்கும்போது கொலரில் இருக்கிற 14, 15, 16 என்ற இலக்கத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அது கழுத்தளவு, பெண் உடம்புக்கு அதை வைத்து ஒன்றும் தெரியாது. நெஞ்சையும், பின்பக்கம் ஆக அகலமான இடத்தையும் அளந்து, எது பெரிதோ அதோடு 4 அங்குலம் கூட்டுங்கள். அந்தச் சுற்றளவுள்ள சேர்ட்டை எடுத்துக்கொண்டு ரெயிலரிடம் போய்த் தோளையும் கையையும் மட்டும் சின்னதாக்கச் சொல்லுங்கள். "பக்கம் பிடிக்கவா?" என்று கேட்பார். பழக்கதோஷம், பெண்பிள்ளையைக் கண்டால் எங்களுக்கு இடுப்பைப் பிடிக்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெண் சட்டையைப் பெண் சட்டையாக்குவதே அந்தப் பக்கப் பிடிப்பும் நெஞ்சடியில் துணியை மடித்துத் தைக்கிற டார்ட்டும்தான். அவை இல்லாவிட்டால் தையல் அக்குளிலிருந்து நேரே கீழே இறங்கும், உடம்பின் வளைவு துணிக்குள்ளே போய்விடும்.

மற்றது பொத்தான். ஆண் சேர்ட்டில் பொத்தான் போடுகிறவரின் வலப்பக்கம் இருக்கும், பெண் சட்டையில் இடப்பக்கம். பார்க்கிற சனம் கவனிக்காது, உங்கள் விரல் கவனிக்கும், ஒரு கிழமைக்குத் தடுமாறும். நெஞ்சில் இரண்டு பொத்தானுக்கு நடுவே வாய் பிளந்தால் உள்ளே ஒரு பிரஸ் பட்டன் வைத்துத் தையுங்கள். சின்ன வேலை, நிம்மதி பெரிது.

தம்பலகாமம், 24 வயது: நான் ஆண். தளர்வான நீள உடுப்பு, காதில் தோடு, கொஞ்சம் கண்மை இதெல்லாம் ஆசை. "வேஷம் போட்ட மாதிரி" தெரியாமல் எப்படித் தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டால் யாருக்கும் வேஷம் மாதிரித்தான் தெரியும், கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படித்தான். துணியிலிருந்து தொடங்குங்கள். ஆண்கள் சேர்ட்டுக்கு வழக்கமாக எடுக்கிற பொப்ளின் விறைப்பானது, தனக்கென்று ஒரு பெட்டி உருவம் வைத்திருக்கும். ரேயான் அப்படியில்லை, உடம்போடு விழும், நடக்கும்போது அசையும். அதே ஆண் சேர்ட்டை, ஒரு அளவும் மாற்றாமல், ரேயானில் தைத்து கொலருக்குப் பதிலாக நேர்ப்பட்டி வைத்துப் பாருங்கள். பாதி வேலை முடிந்துவிடும். (மேலே கேட்ட தங்கச்சிக்கு இதை மறுவளமாகச் சொல்ல வேண்டும்: உங்களுக்கு விறைப்பான துணிதான் நண்பன், ரேயான் பக்கம் போகாதீர்கள்.)

காது குத்துவது புதுமை இல்லை. எங்கள் வீட்டில் பூட்டனாரின் படம் ஒன்று இருக்கிறது, குடுமி, இரண்டு காதிலும் கல் வைத்த கடுக்கன், வெறும் மேல், முகத்தில் ஊரை விலைக்கு வாங்கின களை. அந்தக் காலத்து ஆம்பிளை அப்படித்தான் இருந்தார். காதுச் சோணையில் குத்தினால் ஆற 6 முதல் 8 கிழமை எடுக்கும், அதுவரை முதல் போட்ட தோட்டைக் கழற்றாதீர்கள், உப்புத் தண்ணீரால் துடையுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் கொதித்து ஆறின தண்ணீரில் உப்புக் கரைத்தது, கடல் இல்லை. ஒருவர் டச்பே கடலில் போய் முங்கிவிட்டு வந்து வீங்கின காதைக் காட்டினார், அதனால் சொல்கிறேன்.

கண்மையை இமை ஓரத்தில் மட்டும் இழுத்து விரலால் லேசாகத் தேய்த்துவிடுங்கள், கோடாகத் தெரியாது, கண் மட்டும் ஆழமாகத் தெரியும். இந்த வெக்கையில் மத்தியானத்துக்குள் வழியும், கைலேஞ்சி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், இரவு கடைசி பஸ்ஸில் ஊருக்குத் திரும்புகிறவர் என்றால் பையில் ஒரு சாதாரண சேர்ட் இருக்கட்டும். அதைப் போட்டுக்கொண்டு ஏறுவதில் ஒரு வெட்கமும் இல்லை. எங்கே எதைப் போடுவது என்பது உங்கள் முடிவு, பஸ்ஸில் இருக்கிற குடிகாரனின் முடிவு இல்லை என்றாலும் அவனும் பஸ்ஸில் இருக்கிறான்தானே.

ஓய்வுபெற்ற ஒருவர்: தம்பியோ தங்கச்சியோ, கோபிக்க வேண்டாம். இதெல்லாம் வெளிநாட்டைப் பார்த்து வந்த பழக்கம் இல்லையா? நம்முடைய பண்பாட்டில் எங்கே இருக்கிறது?

கோபம் இல்லை ஐயா. நம் ஊர்ச் சுவாமி மலையில் இருக்கிற கோணேசரைச் சம்பந்தர் எப்படிப் பாடத் தொடங்குகிறார் என்று பாருங்கள். "நிரைகழல் அரவம் சிலம்பொலி அலம்பும்." ஒரு காலில் வீரர் கட்டுகிற கழல் ஒலிக்கிறது, மற்றக் காலில் பெண் அணிகிற சிலம்பு ஒலிக்கிறது. அடுத்த அடியில் மலைமகளைப் பாகமாகச் சேர்த்த வடிவினர் என்றே சொல்லிவிடுகிறார். நம் ஊருக்கான தேவாரத்தின் முதல் வரியே அதுதான். சின்ன வயதில் கோயிலில் பாடும்போது எனக்கு விளங்கவில்லை, தையல் பழகின பிறகுதான், ஒரே உடம்பில் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக எப்படி உடுத்துவது என்று யோசிக்கையில் சட்டென்று விளங்கியது.

கிழக்கில் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் ஆண்கள்தான் பெண் பாத்திரங்களை ஆடி வந்தார்கள். பாரதத்தில் அர்ச்சுனனே ஒரு வருடம் பிருகன்னளையாக இருந்து நடனம் சொல்லிக்கொடுத்தான். ஆனால் நேர்மையாகச் சொன்னால், இவற்றைக் காட்டி உங்களை வாயடைக்க நான் விரும்பவில்லை. சாமி அப்படி இருந்தால் கும்பிடுவோம், கூத்தில் வந்தால் கை தட்டுவோம், பக்கத்து வீட்டுப் பிள்ளை அப்படி வந்தால் முகத்தைத் திருப்புவோம். பண்பாட்டில் இருக்கிறதா என்ற கேள்வியைவிட எனக்கு அந்த மூன்றாவது இடம்தான் உறுத்துகிறது.

மூதூர்: நான்பைனரி (ஆண், பெண் என்ற இரண்டுக்குள்ளும் தன்னை அடக்காதவர்) என்றால்தான் இப்படி உடுக்க வேண்டுமா? நான் பெண் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, உடுப்பு மட்டும்தான்.

இல்லை. உடுப்பு வேறு, ஆள் வேறு. பெண்ணாகவே இருந்து ஆண் உடுப்புப் போடலாம். நான்பைனரி ஒருவர் காஞ்சிபுரம் சேலையில் வரலாம், அவர் "நடுவாக" உடுத்திக் காட்ட வேண்டும் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. என்னிடம் அளவு கொடுக்க வருகிறவரிடம் நான் இதைக் கேட்பதே இல்லை, அளவு நாடாவுக்கு அது தேவைப்படுவதில்லை.

நிலாவெளி, 21 வயது: முடியைக் கட்டையாக வெட்ட சலூனுக்குப் போனேன், "பெண்களுக்கு வெட்ட மாட்டோம்" என்றார்கள். பியூட்டி பாலரில் எவ்வளவு சொன்னாலும் பொப் கட்தான் வெட்டிவிடுகிறார்கள்.

எனக்கும் நடந்தது. டவுனில் ஒரு சலூனில் கதிரையில் இருந்து துணியும் போர்த்திய பிறகு, முதலாளி வந்து காதைப் பார்த்துவிட்டு எழும்பச் சொன்னார். துணியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

சனி, ஞாயிறு போகாதீர்கள், கூட்டம் இருந்தால் பார்பருக்கும் கூச்சம். செவ்வாய், புதன் பின்னேரம் ஆளில்லாத நேரம், தெரிந்த ஆண் ஒருவரோடு போங்கள். "பெடியன் கட்" என்று மட்டும் சொன்னால் ஆளுக்கு ஒரு மாதிரி விளங்கும். மெஷின் இலக்கத்தைச் சொல்லுங்கள்: பக்கத்துக்கு 3 அல்லது 4, மேலே கத்தரிக்கோலால் மூன்று விரல் நீளம். இலக்கம் கூடக்கூட முடி நீளமாக நிற்கும், முதல் தடவை 4 கேட்பது நல்லது, போதாவிட்டால் குறைக்கலாம், குறைத்ததைக் கூட்ட முடியாது. பிடரி ஓரத்தை நேர்கோடாக எடுக்கச் சொல்லுங்கள், காதோரத்தில் கிருதா மாதிரிக் கொஞ்சம் விடச் சொல்லுங்கள். பாலரில் பிடரியை மெல்லிய நுனியாக விட்டுக் காதோரத்தைச் சுருட்டி வைப்பார்கள், உங்களுக்குப் பொப் கட் போலத் தெரிவது அதனால்தான்.

பெயர், ஊர் வேண்டாம்: நெஞ்சைத் தட்டையாகக் காட்ட பண்டேஜ் சுற்றிக் கட்டுகிறேன். வெக்கையில் மூச்சு முட்டுகிறது. வேறு வழி உண்டா?

இதை வாசித்த உடனே அவிழ்த்துவிடுங்கள். மற்றக் கேள்விகள் ஆறுதலாகப் பார்க்கலாம், இது அப்படியில்லை. பண்டேஜ் அசைய அசைய இறுகும், விலா எலும்பையும் மூச்சையும் கெடுக்கும். அதற்கென்று தைத்த பைண்டர் கிடைத்தால்கூட ஒரு நாளைக்கு 8 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது, ஓடக் கூடாது. நோவோ தலைச்சுற்றோ வந்தால் டொக்டரைப் பாருங்கள்.

கச்சான் காற்று அனலாய் அடிக்கிற மாதங்களில் நான் தைத்துக் கொடுக்கிறது இது: உள்ளே அளவான ஸ்போர்ட்ஸ் பிரா, இறுக்கமான சின்ன அளவு இல்லை. மேலே முரட்டுக் கைத்தறியில், பெரிய கட்டம் போட்ட அல்லது கடும் நிறத் துணியில், இரண்டு பக்கமும் மூடி வைத்த பொக்கற்றோடு சேர்ட். இரண்டு பொக்கற்றும் நெஞ்சின் உயரத்திலேயே வர வேண்டும், கண் பொக்கற்றைத்தான் பார்க்கும், அடியில் இருப்பதைப் பார்க்காது. கடலில் குளிக்க சேர்ஃப் செய்கிறவர்கள் போடுகிற கைநீள மேற்சட்டையும் முழங்கால் வரை காற்சட்டையும் போதும், அங்கே ஆண் பெண் எல்லாரும் அதுதான் போடுகிறார்கள்.

இருவர் கேட்டது: பொலிஸ் மறித்தால் பிரச்சினை வருமா?

ஆண் பெண் உடுப்பையும் பெண் ஆண் உடுப்பையும் போடுவது குற்றம் என்று சட்டம் ஒன்றும் இல்லை. 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் ஒருபால் உறவுக்கு எதிராகக் காட்டப்படுபவை, உடுப்பைப் பற்றியவை அல்ல. ஆனால் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தையும் ஆள்மாறாட்டப் பிரிவையும் காட்டித் திருநர்களை அலைக்கழித்த சம்பவங்கள் நாட்டில் நடந்திருக்கின்றன, அதை மறைக்க மாட்டேன். அடையாள அட்டையை எப்போதும் வைத்திருங்கள், கேட்டால் காட்டுங்கள், வாக்குவாதப்பட வேண்டாம். அட்டையிலேயே பால் விபரத்தை மாற்ற வேண்டியவர்களுக்கு 2016 இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையோடு வந்த பாலின அங்கீகாரச் சான்றிதழ் வழி உண்டு. அது உளநல மருத்துவரிடம் தொடங்குகிற வேலை, ரெயிலரிடம் இல்லை.

ஒரு தாய்: மகனுக்கு 16. என்னுடைய சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறான். கதவைத் திறந்தால் எறிந்துவிடுகிறான். அவருக்குத் தெரிந்தால் வீடு ரெண்டாகும். நான் என்ன செய்ய?

அக்கா, அவன் எறிகிறது சால்வையை இல்லை, பயத்தை. முதலில் கதவைத் தட்டிவிட்டுத் திறவுங்கள். ஏன், எதற்கு, நீ யார் என்று இப்போது கேட்க வேண்டாம், அவனுக்கே பதில் தெரியாமல் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், துணி தோளில் விழுகிற சுகம் மட்டுமாகவும் இருக்கலாம். டவுனுக்குப் போகும்போது கூட்டிக்கொண்டு போய் அவனுக்கென்று ஒரு சால்வை எடுத்துக் கொடுங்கள். பருத்தி, இரண்டு முழம் அகலம், கரை இல்லாதது, அவன் பிடிக்கிற நிறம். கோயிலுக்குப் போடுகிறான் என்று தகப்பனிடம் சொல்லலாம், பொய்யும் இல்லை. அவருடன் கதைக்கிற நாள் ஒன்று வரும், அதை அவனைக் கேட்காமல் நீங்கள் தொடங்காதீர்கள்.

சின்னவர் ஒருவர்: உங்களை அண்ணா என்பதா, அக்கா என்பதா?

எழுதும்போது வசதி, "அவர்" என்றால் முடிந்தது. நான் வந்தேன், நான் தைத்தேன் என்று எழுதினாலும் தமிழ் என்னைக் காட்டிக்கொடுக்காது. கதைக்கும்போதுதான் சிக்கல், நம்முடைய ஆட்கள் "அவ" என்றும் "அவர்" என்றும் பிரித்துவிடுவார்கள். கடைக்கு வருகிறவர்கள் ரெயிலர் என்கிறார்கள். மீன்காரர் ஒரு நாள் அண்ணா, ஒரு நாள் அக்கா, காசு மட்டும் ஒரே மாதிரி வாங்குகிறார். உங்களுக்கு வாயில் வருகிறதைச் சொல்லுங்கள். அளவு கொடுக்க வருவதென்றால் இறுக்கமில்லாத மெல்லிய பெனியனோடு வாங்கோ, ஞாயிறு கடை பூட்டு.