வாசகர் கேள்வி: குளிர்காலத்தில் வீட்டுப் படிப்பு

கேள்வி: மகளுக்கு ஐந்து வயது. செப்ரெம்பரிலிருந்து வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிறேன். இலை உதிரும் காலம் நன்றாகப் போனது. இப்போது ஐந்து மணிக்கு முதலே இருட்டிவிடுகிறது, நாங்கள் இருப்பதோ பதினோராம் மாடி. பயிற்சிப் புத்தகத்தை எடுத்தாலே அழுகிறாள். மார்ச் வரை எப்படிச் சமாளிப்பது?
– ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்து அலுமாரிக்குள் வையுங்கள். என் மூத்தவளுக்கு ஐந்து வயதான குளிர்காலத்தில் நானும் சாப்பாட்டு மேசையை வகுப்பறை ஆக்கினேன். ஒன்பது மணிக்கு எழுத்து, பத்து மணிக்கு எண். தை பிறப்பதற்குள் பிள்ளை பென்சிலைக் கண்டாலே முகத்தைத் திருப்பத் தொடங்கிவிட்டாள். நாள் முழுக்க யன்னலடியில் நின்று கீழே விழும் ஸ்னோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏன் அங்கே நிற்கிறாள் என்று யோசிக்க எனக்கு ஆறு கிழமை எடுத்தது. அதற்குப் பிறகு ஒழுங்கை மாற்றினோம்: காலையில் வெளியே போவது, வந்து உடுப்பு மாற்றிச் சூடாக ஏதாவது குடிப்பது, அதன் பிறகே புத்தகம்.

வெளியே போனால் கேள்வி தானாக வரும். ஸ்னோ கொட்டிய மறுநாள் காலை கட்டடத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், முயல் ஓடிய தடம் அநேகமாக இருக்கும். பெரிய அடிகள் இரண்டு, சின்ன அடிகள் இரண்டு. எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று கேட்டால், பிள்ளை பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தைக் காட்டுவாள். முயல் பாயும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி முன்னே விழும், ஆகவே பெரிய அடிகள் இருக்கும் பக்கம்தான் அது போன பக்கம். அணிலும் அப்படித்தான் பாயும். ஆனால் அணிலின் முன்னங்கால்கள் பக்கத்துப் பக்கத்தில் பதியும், முயலுடையவை ஒன்றன்பின் ஒன்றாகப் பதியும். என் மகள் வீட்டுக்கு வந்து கேட்காமலே பென்சிலை எடுத்தது இந்த நாலு அடிகளை வரைவதற்காகத்தான். அன்று பின்னேரமே நூலகத்துக்குப் போய் விலங்குத் தடங்கள் பற்றிய புத்தகம் தேடினோம்.

இன்னும் இரண்டு விளையாட்டு. ஒரு போத்தல் நிறையப் புது ஸ்னோவை அமுக்காமல் அள்ளி வந்து மேசையில் வையுங்கள். எவ்வளவு தண்ணீர் வரும் என்று முதலே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பொசுபொசுவென்ற ஸ்னோ 10 சென்ரிமீற்றர் உருகினால் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் தண்ணீர்தான் மிஞ்சும். மற்றது, ஒரு வெப்பமானி. காற்றில் ஒருமுறை பாருங்கள், பிறகு ஆழமான ஸ்னோவுக்கு அடியில் நிலத்தோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். வெளியே மைனஸ் 14 காட்டிய ஒரு நாளில் எங்களுக்கு அடியில் மைனஸ் 2 காட்டியது. சுண்டெலிகள் குளிர்காலத்தை அங்கேதான் கழிக்கின்றன என்று சொன்னதும் சின்னவன் ஸ்னோவில் காதை வைத்துப் படுத்துவிட்டான்.

ஆனால் எங்கள் வீட்டில் இன்றும் பேசுவது நிழல் அளந்ததைத்தான். தைப்பொங்கலன்று மத்தியானம் பன்னிரண்டரைக்கு வாகனத் தரிப்பிடத்தில் 1 மீற்றர் தடி ஒன்றை நேராக நிறுத்தினோம். ஜனவரி நடுவில் ரொறன்ரோவில் சூரியன் உச்சிக்கு வருவது அந்த நேரத்தில்தான். நிழலின் நீளத்துக்குச் சிவப்புக் கம்பளி நூலை வெட்டினோம். நூல் 2 மீற்றரைத் தாண்டியது. யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் இருக்கும் என் அம்மாவிடமும் அன்று அதே நீளத் தடியை முற்றத்தில் நடச் சொல்லியிருந்தேன். அங்கே மத்தியானமாகும்போது இங்கே இரவு ஒன்றே முக்கால். பிள்ளைகள் எழும்புவதற்குள் அம்மம்மா அளந்து முடித்துவிட்டார். நிழல் 60 சென்ரிமீற்றர். அந்த அளவுக்கு நீல நூல் வெட்டி, இரண்டையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டோம். சின்னவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மம்மாவின் சூரியன் மேலே நிக்குது, எங்கட சூரியன் படுத்திருக்குது" என்றான். நமக்கு ஏன் குளிர், அவர்களுக்கு ஏன் வெயில் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இருக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு மாதமும் அதே திகதியில் அளந்தோம். மேகம் மூடினால் அடுத்த வெயில் நாள். பெப்ரவரியில் நூல் ஒன்றரை மீற்றர். மார்ச் நடுவில் தடியும் நிழலும் ஏறக்குறைய ஒரே நீளம். மார்ச்சில் மணிக்கூட்டை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவதால் அப்போது ஒன்றரைக்கு அளக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். அளப்பது, எண்ணுவது, கழிப்பது எல்லாம் அந்த நூல்களிலேயே நடந்தன. பயிற்சிப் புத்தகத்தைப் பங்குனியில் திறந்தபோது அவள் பாதியை இரண்டு கிழமையில் முடித்தாள்.

கேள்வி: மாமியும் எங்களோடு இருக்கிறார். "பள்ளிக்கூடம் விடாமல் பிள்ளையைப் பனிக்குள் கொண்டு திரிகிறாய், அரசாங்கம் கேட்டால் என்ன சொல்வாய்?" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்ல?
– ஒரு வாசகி, மார்க்கம்

பதில்: மாமியின் பயம் நியாயமானது. அதற்குச் சட்டத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும். ஒன்ராறியோவில் கட்டாயக் கல்வி 6 வயதில் தொடங்கி 18 வரை. நாலு, ஐந்து வயதுப் பாலர் வகுப்புகள் பெற்றோரின் விருப்பம். 6 வயதுக்குப் பிறகும் வீட்டில் போதுமான கல்வி கிடைத்தால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து விலக்கு உண்டு என்று கல்விச் சட்டத்தின் 21ஆம் பிரிவே சொல்கிறது. ஒவ்வொரு வருடமும் செப்ரெம்பர் 1க்கு முன் உங்கள் கல்விச் சபைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, முகவரி, உங்கள் கையொப்பம் போன்ற விபரங்கள் போதும். 2002இல் மாகாணக் கல்வி அமைச்சு தந்த வழிகாட்டலின்படி, அந்தக் கடிதத்தையே சபை சாதாரணமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். பிரதி ஒன்றை எடுத்து மாமியிடமே பத்திரமாகக் கொடுத்து வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமியை ஒதுக்கிவைத்துவிட்டு இதைச் செய்யாதீர்கள். என் மாமியாருக்குக் குளிர் ஒத்துவராது, வெளியே வரமாட்டார். பிள்ளைகள் திரும்பி வந்ததும் கையுறையைக் கழற்றி ஹீற்றருக்கு மேல் காயப்போட்டு, "இண்டைக்கு என்ன கண்டனீங்கள்?" என்று கேட்பது அவர் வேலை. பிள்ளைகள் கண்டதை அவருக்குத் தமிழில்தான் சொல்ல வேண்டும். கண்டதை ஒழுங்காகச் சொல்லப் பழகியது அப்பம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில்தான்.

பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்காக ஏங்குகிறாளா என்றும் பாருங்கள். ஆறு வயது வரையான பிள்ளைகள் பெற்றோரோடு போய் மற்றப் பிள்ளைகளுடன் விளையாடும் ஏர்லிஆன் நிலையங்கள் இலவசம். அதற்கும் மேலாக ஏக்கம் இருந்தால் பாலர் வகுப்புக்கு விடுங்கள். அதில் ஒரு தோல்வியும் இல்லை.

கேள்வி: எந்த அளவு குளிர் வரை வெளியே விடலாம்?
– ஒரு தகப்பன், ஏஜக்ஸ்

பதில்: காற்றோடு சேர்த்துச் சொல்லும் குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். அன்று வீட்டுக்குள்ளேயே இருங்கள். மற்ற நாட்களில் உடுப்புத்தான் முக்கியம். தோலோடு பருத்தி வேண்டாம், நனைந்தால் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். கம்பளி நல்லது. விரல் பிரிக்காத கையுறை இரண்டு சோடி கொண்டு போங்கள், ஒன்று நிச்சயம் நனையும். காரில் தடித்த ஜக்கெற்றோடு இருக்கைப் பட்டியைப் பூட்டாதீர்கள், பட்டி இறுக்கமாக நிற்காது. ஜக்கெற்றைக் கழற்றிப் பட்டியைப் பூட்டிவிட்டு மேலே போர்த்துவிடுங்கள்.

கேள்வி: பிள்ளைக்கு வாசிக்கும் குளிர்காலப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் இதற்கெல்லாம் சொல் இருக்கிறதா?
– ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: இருக்கிறது. நாம் ஊரில் பனி என்றது புல்லில் விடியற்காலையில் நின்ற ஈரத்தை. அதனால் ஸ்னோவுக்கு எங்கள் வீட்டில் வெண்பனி என்கிறோம், கண்ணாடியில் பூப்பது உறைபனி, றூஜ் ஆற்றின் மேல் காலையில் நிற்பது மூடுபனி. படப்புத்தகத்தை ஆங்கிலத்தில் வாங்கினாலும் பக்கத்தைப் பார்த்துத் தமிழில் கதையாகச் சொல்லுங்கள், பிள்ளை படத்தைத்தானே பார்க்கிறாள். ரொறன்ரோ நூலகத்தின் சில கிளைகளில் தமிழ்ச் சிறுவர் புத்தகங்களும் இருக்கின்றன. 2022க்குப் பிறகு தாமதக் கட்டணமும் கிடையாது. ஆகவே அள்ளிக்கொண்டு வாருங்கள்.

குளிருக்கு நம் முன்னோர் இரண்டு பருவம் வைத்தார்கள்: மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. இங்கே அது அப்படியே பொருந்துவதைக் கண்டு நான் மிகவும் சந்தோஷப்பட்டேன். முன்பனியில் வெண்பனி, தடம், நிழல். பின்பனியில் மேப்பிள் மரம். இரவில் பூச்சியத்துக்குக் கீழும் பகலில் மேலும் போகும் அந்த நாட்களில்தான் மரத்தில் சாறு ஓடும். கிட்டத்தட்ட 40 லீற்றர் சாற்றைக் காய்ச்சினால் 1 லீற்றர் பாணி. பதநீரைக் காய்ச்சிப் பனங்கட்டி எடுத்த கதையை அம்மம்மாவிடம் கேட்டு வைத்துக்கொண்டு, மார்ச் மாதம் ஒரு மேப்பிள் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். சாறு விழும் வாளிக்குள் பிள்ளையை எட்டிப் பார்க்க விடுங்கள். தண்ணீர் போலத்தான் இருக்கும். அங்கே சுவை பார்க்கத் தந்தால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு, இனிக்குதா இல்லையா என்று அவளே சொல்லட்டும்.