மதுக்கடை எண்ணிக்கை: கடிதம்

அன்புள்ள ஐயா,

மதுக்கடை உரிமங்களுக்கு அரசு உச்சவரம்பு வைப்பதால் என்ன பயன்? குடிகாரன் பத்து கிலோமீட்டர் போயும் குடிப்பான். கடையைக் குறைத்தால் கள்ளச்சாராயம்தான் வரும். கடைசியில், ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவருக்குத்தானே லாபம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில நாட்களாக எனக்கும் இந்த விஷயம்தான் மனதில் ஓடுகிறது, அதனால் உடனே எழுதுகிறேன். லாபம் பற்றி நீங்கள் கேட்டதில் நியாயம் உண்டு. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் 3,000 பேருக்கு ஒரு மதுக்கூட உரிமம் என்று வரம்பு. அங்கே உரிமமே சொத்தாகி, பல லட்சம் டாலருக்குக் கைமாறுகிறது. உரிமத்தை விற்கக் கூடாது என்று சட்டம் போட்டால் போயிற்று. கள்ளச்சாராயப் பேச்சையும் விடுங்கள், வரம்பு வேறு, மதுவிலக்கு வேறு.

ஆனால் 'குடிகாரன் பத்து கிலோமீட்டர் போவான்' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! குடியை விடப் பாடுபடும் ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? என் சித்தப்பா குடியை விட்ட வருடம், சாயங்காலம் வெளியே போனால் சிறுவனான என்னையும் கூட்டிப்போவார். கடை இருந்த தெருவை விட்டுவிட்டுச் சுற்றுவழியில் திரும்புவோம். அப்புறம் அந்த வழியிலும் ஒரு கடை வந்தது. முதல் நாள் அதைத் தாண்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவர் கை இறுகியது, உள்ளங்கையெல்லாம் வியர்வை, வலிக்கிறது சித்தப்பா என்று நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை. தாண்டிவிட்டோம். கொஞ்ச நாளில் அதே வழியில் இன்னொன்று திறந்தார்கள். அதைத் தாண்ட முடியவில்லை.

பின்லாந்தில் 1969இல் நடுத்தர போதையுள்ள பீரை மளிகைக் கடைகளில் விற்கவும், கிராமங்களில் மதுக்கடை திறக்கவும் அனுமதித்தார்கள். அந்த ஒரே வருடத்தில் நாட்டின் மொத்த மது நுகர்வு 46 சதவீதம் ஏறியது. குடிக்கிறவன் எப்படியும் குடிப்பான் என்றால் அந்த 46 எங்கிருந்து வந்தது? சொல்லுங்கள். கை எட்டும் தூரத்துக்கு வந்ததால் குடித்தது அது. ஸ்வீடனும் 1965இல் இப்படித்தான் மளிகைக் கடைகளில் பீரை விட்டது, 1977இல் அந்த பீரைத் திரும்ப எடுத்தது. பத்து கிலோமீட்டர் போகிறவரைப் பற்றியே பேசுகிறீர்கள். பத்து கிலோமீட்டர் என்றால் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறவர் உங்கள் கண்ணில் படவே இல்லையே!

அன்று சித்தப்பா என்னை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் நின்றேன். கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மறுபடி எழுதுங்கள்.