பிரபலங்களைப் பேட்டி கண்ட கதைகளை, விருந்துக்குப் பிறகான பேச்சில் சிரிக்கச் சிரிக்கச் சொல்வது எப்படி?

கேள்வி கேட்டவர் பல வருடம் நிருபராக இருந்தவர். ஒரு சங்கத்தின் ஆண்டு விருந்தில் இருபது நிமிடம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களாம். "கதைகள் கைவசம் நிறைய இருக்கின்றன. யாரையும் புண்படுத்தாமல் சிரிக்க வைக்க முடியுமா?" என்பது அவர் கவலை. நானும் அதே தொழிலில் இருந்தவன். ஒன்பது வருடமாக இப்படிப்பட்ட பேச்சுகளுக்குப் போய்வருகிறேன். முடியும், தாராளமாக முடியும். கதையை எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் கதை ஒன்று. ஒரு மூத்த நடிகர், பெயர் வேண்டாம். நாற்பது நிமிடம் பேசினார். அம்மா இறந்த நாளைச் சொல்லும்போது குரல் உடைந்தது. கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேட்டி முடிந்து ரெக்கார்டரை எடுத்தால் சிவப்பு விளக்கு எரியவில்லை. ஆரம்பத்திலேயே பேட்டரி போயிருக்கிறது. எனக்குப் பேச்சே வரவில்லை. அவர் கவனித்துவிட்டார். "பரவாயில்லை தம்பி, வேற பேட்டரி போடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே வார்த்தைகள். அதே இடத்தில் ஒரு பெருமூச்சு. அம்மா கதை வந்தது. அதே வரியில் குரல் உடைந்தது, கண்ணாடி கழன்றது, கைக்குட்டை வெளியே வந்தது.

இங்கே அரங்கம் வெடித்துச் சிரிக்கும். பல மேடைகளில் நான் இதோடு நிறுத்தி, கைதட்டலை வாங்கிக்கொண்டு அடுத்த கதைக்குப் போயிருக்கிறேன். ஒருநாள் பேச்சு முடிந்ததும் வயதான ஒருவர் பக்கத்தில் வந்தார். அந்த நடிகரிடம் உதவியாளராக இருந்தவர். பேட்டியன்று எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். "ஐயா கடைசியா சொன்னதை ஏன் சார் விட்டுட்டீங்க?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

ஆமாம், விட்டிருந்தேன். அன்றைக்கு வாசல் வரை வந்து வழியனுப்பும்போது நடிகர் சொன்னார்: "முதல் தடவை அதுவா வந்துச்சு தம்பி. ரெண்டாவது தடவை உங்களுக்காக வரவழைச்சேன்."

இந்த வரியை விட்டுவிட்டால் அவர் நீலிக்கண்ணீர் வடித்த ஆள். சேர்த்துச் சொன்னால், புதிதாக வேலைக்கு வந்த ஒரு பையனின் பேட்டி வீணாகிவிடக் கூடாதே என்று தன் துக்கத்தை இரண்டாம் முறை தொட்ட மனிதர். அன்றிலிருந்து முழுதாகத்தான் சொல்கிறேன். சிரிப்பு ஒன்றும் குறையவில்லை. வெடிச்சிரிப்பு அடங்கி, அந்த வரிக்கு ஒரு நொடி அமைதி வரும். அப்புறம் இன்னொரு சிரிப்பு வரும். அதைக் கேட்டுப் பழகியபின் முதல் சிரிப்போடு நிறுத்த மனம் வராது.

"அந்த ஆளே முன்வரிசையில் இருந்தால் இதைச் சொல்வேனா?" என்று ஒவ்வொரு கதைக்கும் கேட்டுப் பாருங்கள். ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வெய்னே சாட்சி. 1877 டிசம்பர் 17, பாஸ்டனில் கவிஞர் விட்டியரின் எழுபதாவது பிறந்தநாள் விருந்து. ட்வெய்ன் ஒரு கற்பனைக் கதை சொன்னார்: தனியாக வாழும் சுரங்கத் தொழிலாளியின் குடிசைக்கு மூன்று நாடோடிகள் வருகிறார்கள். எமர்சன், லாங்ஃபெல்லோ, ஹோம்ஸ் என்று பெரிய எழுத்தாளர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு, அவன் விஸ்கியைக் குடித்து, சீட்டாட்டத்தில் ஏமாற்றி, போகும்போது அவன் பூட்ஸையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அந்த மூன்று எழுத்தாளர்களும் அதே விருந்தில் உட்கார்ந்திருந்தார்கள். அரங்கமே உறைந்துவிட்டது என்று ட்வெய்ன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். மூவருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதினார். அவர்கள் தரப்பிலிருந்து பெருந்தன்மையாகவே பதில் வந்தது. 1906இல் அந்தப் பேச்சை மறுபடி படித்தபோது, இதில் என்ன குறை என்று அவருக்கே தோன்றியிருக்கிறது.

நானும் படித்திருக்கிறேன். பேச்சில் குறை இல்லை. ஆனால் அன்று கூடியவர்கள் பெரியவர்களுக்கு மரியாதை செய்ய வந்தவர்கள். அதனால் அழைப்பு வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, விருந்து எதற்காக, யாரைக் கௌரவிக்க என்பதுதான். வாஷிங்டனில் பத்திரிகையாளர்கள் 1885இல் தொடங்கிய கிரிடிரன் கிளப் ஆண்டுதோறும் விருந்து வைத்து அதிபர்களையே கிண்டல் செய்கிறது. அங்கே வருகிறவர்கள் கிண்டலுக்குத் தயாராகத்தான் வருவார்கள். இருந்தும் அவர்கள் வைத்திருக்கும் விதி, வாட்டலாம், எரிக்கக் கூடாது என்பது.

அடுத்து, சின்ன விவரம். 1889இல் 23 வயது நிருபர் ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் அமெரிக்காவில் எல்மைரா என்ற ஊருக்குப் போய் ட்வெய்னைத் தேடினார். விசாரித்து விசாரித்து, அலைந்து திரிந்து ஒருவழியாகப் பிடித்தார். அந்தச் சந்திப்பை எழுதும்போது, ட்வெய்னின் மேதைமையைப் பற்றி அளந்துகொண்டிருக்காமல் அவர் பிடித்த சோளக்கட்டைப் புகைக்குழாயை எழுதினார். புதிதாக வாங்கினாலே ஐந்து சென்ட்தான் பெறும் அந்தக் குழாயைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் தைரியம் தனக்கு வரவில்லையே என்று ஏங்கினார். அந்த ஏக்கத்தில் ட்வெய்னும் தெரிகிறார், அவரை நேசித்த வாசகனும் தெரிகிறான். அந்த நிருபர், பின்னாளில் 'ஜங்கிள் புக்' எழுதிய ருட்யார்ட் கிப்ளிங். 18 வருடம் கழித்து, 1907இல், இருவரும் ஒரே விழாவில் ஆக்ஸ்ஃபோர்டின் கௌரவ டாக்டர் பட்டம் வாங்கினார்கள். உங்கள் கதைகளிலும் இப்படி ஒரு புகைக்குழாய் கட்டாயம் இருக்கும். தேடி எடுங்கள்.

அதே சந்திப்பில் ட்வெய்ன் சொன்ன இன்னொரு விஷயம் பிரபலம்: முதலில் தகவல்களைச் சரியாகச் சேகரித்துக்கொள், அப்புறம் இஷ்டப்படி திரித்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நமக்கு ஆகாது. நீங்கள் நிருபர் என்பதால்தான் உங்கள் கதையை நம்பிச் சிரிக்கிறார்கள். மற்றவர் வாயில் ஒரு வார்த்தைகூடச் சேர்க்காதீர்கள். வேண்டாததைக் குறைக்கலாம், அதுவும் ஆளின் குணம் மாறித் தெரியாதவரைதான். "இது வெளியே போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சொன்னதை, அவர் இறந்த பிறகும் தொடாதீர்கள்.

மற்றவை எல்லாம் சில்லறை. இருபது நிமிடத்துக்கு ஐந்து கதை போதும். தட்டு எடுக்கும் சத்தம் அடங்கியபின் மைக்கைப் பிடியுங்கள், இதை அமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தாளைப் பார்த்துப் படிக்காதீர்கள். "இதைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள்" என்று முன்னோட்டம் கொடுத்தால் கதை அங்கேயே செத்துவிடும்.

கேள்வி நேரம் வைத்தால், "இருக்கிறதிலேயே திமிர் பிடித்தவர் யார்?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அதற்கென்று ஒரு கதையை மிச்சம் வையுங்கள். நான் வைத்திருப்பது, திமிர் பிடித்தவர் என்றே பேரெடுத்த ஒரு விளையாட்டு வீரரின் கதை. எல்லாக் கேள்விக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு எழுந்து போனார். கதவு வரை போனவர் திரும்பி வந்து, தன் பயிற்சியாளரின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். என் நோட்டை வாங்கிப் பார்த்தார். என் பேனாவையே வாங்கி ஓர் எழுத்தைத் திருத்தினார். நோட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு, பேனாவோடு போய்விட்டார்.