மூன்றாம் பாகமாக வந்த மாட்டுக்கொட்டகை

கேள்வி: 'ஹாலோவீன்' பேய்ப்பட வரிசையில் மூன்றாம் பாகம் பார்த்தேன். முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ் கடைசிவரை வரவே இல்லை. அவன் இல்லாமல் அது எப்படி மூன்றாம் பாகம்? ஏமாற்று வேலைதானே?
- ஒரு வாசகர், தேனி

பதில்: முதலில் உங்களுக்கு ஒரு கும்பிடு. 'மூன்றாம் பாகம்' என்று எழுதியிருக்கிறீர்கள், 'பாகம் மூன்று' என்று எழுதவில்லை. இதற்காக எங்கள் பிழைதிருத்துபவரோடு 11 வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் ஆட்டம், மூன்றாம் வகுப்பு என்று ஒழுங்காகச் சொல்கிற நாம், சினிமா போஸ்டரில் மட்டும் எண்ணைக் கொண்டுபோய் வாலில் கட்டுவானேன்? 'இப்ப எல்லாரும் அப்படித்தான் சார் போடுறாங்க' என்பார். எல்லாரும் என்றால் யார் என்று கேட்டால் டீ குடிக்கப் போய்விடுவார்.

சரி, பாகத்துக்கு வருவோம். எங்கள் தாத்தா சொத்தைப் பிரித்தபோது பெரியப்பாவுக்கு முன்கட்டு, சித்தப்பாவுக்குப் பின்கட்டு. நடுப்பிள்ளையான என் அப்பா பஞ்சாயத்துக்கு லேட்டாக வந்தார். அவருக்கு மூன்றாம் பாகமாக வந்தது மாட்டுக்கொட்டகை. பத்திரத்தில் என்னவோ 'வீட்டில் மூன்றில் ஒரு பாகம்' என்றுதான் இருந்தது. அம்மா சாணித் தரையில் நின்றுகொண்டு, 'இதில் வீடு எங்கே?' என்று கேட்டாள், நீங்கள் மைக்கேலைத் தேடுகிற மாதிரியே. ஒரு மாதம் அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் தெருவிலேயே நல்ல தண்ணீர்க் கிணறு அந்தக் கொட்டகைக்குப் பின்னால்தான் இருந்தது. சித்திரை வந்தால் பெரியப்பா வீட்டுக் குடங்கள் எங்கள் வாசலில் வரிசை கட்டும்.

1982இல் வந்த அந்தப் படமும் மாட்டுக்கொட்டகைதான். 1978இல் முதல் படத்தை எடுத்த ஜான் கார்ப்பென்டர், 1981இல் வந்த இரண்டாம் பாகத்தின் முடிவில் மைக்கேலை எரித்தாயிற்று, இனி ஒவ்வொரு ஹாலோவீனுக்கும், அதாவது அமெரிக்கப் பிள்ளைகள் பேய் முகமூடி மாட்டிக்கொள்ளும் அக்டோபர் 31ஆம் தேதிப் பண்டிகைக்கும், ஒரு புதுக் கதை என்று கணக்குப் போட்டார். இயக்கக் கூப்பிட்டது டாமி லீ வாலஸை. இவர் யார் தெரியுமா? முதல் படத்துக்காகக் கடையில் 'ஸ்டார் ட்ரெக்' விண்வெளித் தொடரின் நாயகன் கேப்டன் கர்க் முகமூடியை வாங்கி, கண் ஓட்டையைப் பெரிதாக்கி, வெள்ளை பெயின்ட் அடித்து மைக்கேலுக்கு முகம் கொடுத்தவர். செய்தவரிடமே, அந்த முகம் இல்லாமல் ஒரு படம் எடு என்றார்கள்!

இங்கே வில்லன் கத்தியைத் தூக்கவில்லை, விளம்பரம் போடுகிறான். பிள்ளைகளுக்கு முகமூடி விற்கும் முதலாளி. 'லண்டன் பிரிட்ஜ்' மெட்டில், ஹாலோவீனுக்கு இன்னும் எட்டு நாள், ஏழு நாள் என்று டிவியில் ஓயாமல் பாட்டு. ஒவ்வொரு முகமூடியிலும், இங்கிலாந்தில் வட்டமாக நிற்கும் பழங்காலக் கற்களான ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து ஒரு துணுக்கு. அதிகமாக விற்றுக்கொடுத்த ஏஜென்ட்டைப் பரிசு மாதிரி குடும்பத்தோடு ஃபேக்டரிக்கு அழைத்து, ஓர் அறையில் உட்காரவைத்து, விளம்பரத்தை ஓடவிடுகிறார்கள். பூசணி முகமூடி போட்ட பையன் சுருண்டு விழுகிறான். முகமூடிக்குள்ளிருந்து பூச்சியும் பாம்பும் ஊர்ந்து வருகின்றன. டார்கெட்டை முடித்தவனுக்குக் கம்பெனி செய்த மரியாதை! நான் மார்க்கெட்டிங் வேலையில் மூன்று வருடம் குப்பை கொட்டியவன், எனக்கு அந்தக் காட்சி பேய்ப்படமாகவே தெரியவில்லை.

சீரியலுக்கு நடுவே ஒரே சோப்பு விளம்பரத்தை ஆறு தடவை போடுகிறவர்களைப் பற்றிப் போன இதழில் எழுதியதற்குத் திட்டிக் கடிதம் போட்ட நண்பர் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பாட்டு அவர் வாயிலும் நாலு நாள் ஒட்டிக்கொள்ளட்டும்.

ஏமாற்று வேலையா என்றால், பாதி. புதுக் கதைக்குப் பழைய நம்பரை ஒட்டியது தப்புதான். ஒட்டாவிட்டால் தியேட்டருக்கு யார் வருவார்கள் என்று தயாரிப்பாளர் கேட்பார், அதுவும் நியாயம். வந்தவர்கள் மைக்கேல் எங்கே என்று கத்திவிட்டுப் போனார்கள். 1988இல் எடுத்த நாலாம் பாகத்துக்கு, மைக்கேல் மையர்ஸ் திரும்பி வந்தான் என்று தலைப்பிலேயே தண்டோரா போட வேண்டியதாயிற்று.

ஒரு திருத்தம்: அவன் வரவே இல்லை என்கிறீர்கள். வந்தான். மூன்றாம் பாகத்துக்குள் ஓடும் டிவியில் முதல் படத்தைக் காட்டுகிறார்கள், அதில் நடந்து போகிறான். அந்த நேரத்தில் நீங்கள் பாப்கார்ன் வாங்கப் போயிருப்பீர்கள். கடைசியில் கதாநாயகனான டாக்டர், விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி டிவிக்காரர்களுக்கு போனில் கெஞ்சுகிறாரே, முதல் சேனல் நிற்கிறது, இரண்டாவதும் நிற்கிறது. அங்கேயும் வம்பு பண்ணுவது மூன்றாவதுதான்.