38 வயதில் காவல் பணி: இரவில் வீட்டில் யார்?

அன்புள்ள ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்கு வயது 38. சிங்கப்பூரில், செங்காங்கில் வசிக்கிறோம். பாலர் பள்ளி ஒன்றில் மூத்த ஆசிரியராக இருக்கிறேன். மகன் உயர்நிலை 1, மகள் தொடக்கநிலை 4. கணவர் ரயில் பாதைப் பராமரிப்பில் தொழில்நுட்பர். மாதத்தில் பாதி நாள் அவருக்கு இரவு வேலை.

போன வருடம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், வழி தெரியாமல் வந்துவிட்ட ஒரு சீனப் பாட்டி யாரையும் அருகில் விடாமல் கத்திக்கொண்டிருந்தார். அங்கு வந்த பெண் காவலருக்கு 25 வயதுகூட இருக்காது. தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, பாட்டியின் காய்கறிப் பையைப் பார்த்து ஏதோ கேட்டார். பாட்டி அழுகையை நிறுத்திப் பேச ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகளிடம் நான் தினமும் செய்வதும் அதுதானே? அன்று முதல் காவல் பணியில் சேர வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. முழங்காலில் சிறு சிராய்ப்பு என்றாலும் இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் விளக்கம் கேட்கும் பெற்றோருக்குப் பணிந்து பணிந்து அலுத்துவிட்டது. சீருடை போட்டால் மரியாதையாவது மிஞ்சும்.

கணவர், "யோசித்துச் செய்" என்றார். பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. ஈசூனில் இருக்கும் அம்மாதான் பிடிவாதமாக எதிர்க்கிறார். "இரண்டு பிள்ளை பெற்றவளுக்குப் போலீஸ் வேலை எதற்கு?" என்கிறார். அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார் என்ற தைரியத்தில்தான் நான் யோசிக்கவே ஆரம்பித்தேன். எனக்கு வயது கடந்துவிட்டதா? அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

செங்காங் வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

வயதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்க் காவல்துறை வேறு துறைகளிலிருந்து நடுவயதில் வருபவர்களையும் எடுத்துக்கொள்கிறது. உடல்தகுதிச் சோதனையில் 2.4 கிலோமீட்டர் ஓட வேண்டும், தண்டால் எடுக்க வேண்டும். உழைத்தால் அது கைகூடும். பெண்கள் இந்தப் படையில் சேரத் தொடங்கியது 1949இல் என்பதை அம்மாவிடம் சொல்லலாம். ஆனால் அவர் மனம் அதனால் மாறும் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய கவலை வேறு.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது, "அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்" என்ற வரி. அவரிடம் கேட்டீர்களா? கேட்டதாக எழுதவில்லை. காவல் பணிக்கு நீங்கள் விண்ணப்பிக்கும் முன்பே அம்மாவை இரவுக் காவலுக்கு நியமித்துவிட்டீர்கள்! நியமன உத்தரவு அவருக்கு எப்படியோ எட்டிவிட்டது என்றே தோன்றுகிறது. "போலீஸ் வேலை எதற்கு" என்று அவர் கேட்பதில், ஈசூனிலிருந்து பெட்டியோடு வந்து இந்த வயதில் இரண்டு பேரப்பிள்ளைகளோடு எத்தனை இரவு தங்குவது என்ற கேள்வியும் இருக்கலாம். அதைத் தாய்மார்கள் நேராகச் சொல்வதில்லை.

கணவரின் மௌனமும் அந்த இடத்திலிருந்துதான் வருகிறதோ என்று சந்தேகிக்கிறேன். ரயில்கள் ஓய்ந்த பிறகு, விடியும் முன் கிடைக்கும் சில மணி நேரத்தில் தண்டவாளத்தில் வேலை செய்பவர் அவர். இரவு வேலை உடம்பையும் வீட்டையும் என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்கம்பக்கக் காவல் நிலையத்தில் முன்களப் பணி என்றால் உங்களுக்கும் 12 மணி நேர ஷிப்ட் வரும்.

இந்த வாரம் ஒரு மாத நாள்காட்டியை எடுத்து, அவருடைய இரவுகளை நீலத்தில் குறியுங்கள். உங்களுக்கு வரக்கூடிய இரவுகளை, கற்பனையாகத்தான், சிவப்பில் குறியுங்கள். இரண்டு நிறமும் ஒரே கட்டத்தில் விழும் இரவுகளில் வீட்டில் யார் என்று கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். "உங்களுக்குச் சம்மதமா, சொல்லுங்கள்" என்று கேட்டால் மறுபடியும் "யோசித்துச் செய்" என்பார். "14ஆம் தேதி இரவு என்ன செய்வது?" என்று கேட்டால் அவரால் அப்படி நழுவ முடியாது. அந்தக் கட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் போங்கள். மறுக்கவும் இடம் கொடுத்து, உதவியாகக் கேளுங்கள். அவர் மறுத்தால் அவரைச் சமாதானப்படுத்த முயல வேண்டாம், வேறு ஏற்பாட்டைத் தேடுங்கள்.

மரியாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்தது அந்தப் பெண் காவலரின் நல்ல பொழுது. அதே வேலையில் நள்ளிரவுக் குடும்பச் சண்டை உண்டு, தனியாக இறந்துபோன முதியவரின் வீட்டுக் கதவைத் திறப்பதும் உண்டு. மோசடியில் சேமிப்பைப் பறிகொடுத்து எதிரில் உட்கார்ந்து அழுபவரிடம் வாக்குமூலம் எழுத வேண்டியிருக்கும். 2024இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளால் குறைந்தது 110 கோடி வெள்ளி போனது. கைப்பேசியை நீட்டிக் காணொளி எடுப்பவரும், மேலிடத்துக்குப் புகார் எழுதுபவரும் அங்கேயும் இருப்பார்கள். வாட்ஸ்அப் பெற்றோரிடமிருந்து தப்புவதற்காகப் போனால், அவர்களையே வேறு கோபத்தில், வேறு நேரத்தில் சந்திப்பீர்கள். அந்தப் பாட்டிக்கு முன்னால் தரையில் உட்காரத்தான் போகிறீர்கள் என்றால், பாலர் பள்ளி உங்களை ஏற்கெனவே பாதி தயார்செய்துவிட்டது. உங்கள் மகனைவிடச் சில வயதே மூத்தவர்கள் உடன் பயில, உங்களைவிட இளையவர் உங்களுக்கு ஆணையிடுவார். மூத்த ஆசிரியருக்கு அது உறுத்தும், ஆனால் பழகிவிடும்.

வேலையை விடும் முன் ஒரு வழி இருக்கிறது. 1946 முதல் தொண்டூழியச் சிறப்புக் காவல் படை இயங்கிவருகிறது. அதன் தொண்டூழியர்கள் சொந்த வேலையில் இருந்துகொண்டே பயிற்சி பெற்று, முழுநேரக் காவலர்களுக்குள்ள அதே அதிகாரத்தோடு ரோந்து போகிறார்கள். மாதத்துக்கு 16 மணி நேரமாவது தர வேண்டும். உங்களுக்கு இது பொருந்தும் என்றே எனக்குப் படுகிறது. மகளின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடியும்வரை இப்படி இருந்து பார்க்கலாம். கணவரும் அம்மாவும் கைக்கடங்கிய அளவில் அந்த வாழ்க்கைக்குப் பழகிக்கொள்வார்கள். ஆனால் முழுநேரத்துக்கு மாறுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் தேதியை இப்போதே குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் அது "அடுத்த வருடம்" என்று நழுவிக்கொண்டே போகும்.

அதுவரை பொறுக்க மனமில்லை என்றால், ஆள்சேர்ப்பு அதிகாரியைப் பாருங்கள். சம்பளத்தை இரண்டாவதாகக் கேளுங்கள். பழைய சுவா சூ காங் சாலையில் இருக்கும் பயிற்சி வளாகத்தில் எத்தனை மாதம், அதில் எத்தனை இரவு வீடு திரும்ப முடியும் என்பதை முதலில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் தாளை முதலில் அம்மாவிடம் காட்டுங்கள்.